பரசுராமன் பெயரில் என் நெஞ்சு

பரசுராமனை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கான்ட்ராக்டர் நடேசன் மேல் பாதி, பரசு மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் மேலேயே.

பரசு வடக்குப்பட்டுக்காரன். ஒரகடத்தில் கார் சீட் ஃப்ரேம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வெல்டர். பதினெட்டு வருஷமும் என்னைப் போலவே கான்ட்ராக்ட்தான். வருஷா வருஷம் கேட் பாஸ் புதுப்பிக்க மெடிக்கல் உண்டு. எக்ஸ்ரே வேன் வாசலில் வந்து நிற்கும். படத்தில் நிழல் தெரிந்தால் பாஸ் கிடையாது. வைத்தியமும் கிடையாது, வீட்டுக்குப் போ என்பார்கள். அதனால் எங்கள் லைனில் ஒரு வழக்கம். இருமுகிறவன் டோக்கனை வாங்கிக்கொண்டு வேறு ஒருத்தன் வேனில் ஏறுவான். முகத்தை எவன் பார்த்தான்? பீடி, சிகரெட் தொடாதவன் நான்தான் என்பதால் என்னைத்தான் தேடி வருவார்கள். ஓர் எக்ஸ்ரேக்கு ஒரு பிரியாணி. வெட்கம் கெட்டு நாலு பேருக்கு நின்றிருக்கிறேன். நடேசனுக்கும் தெரியும். "படம் சுத்தமா கீதா? அப்ப சைன் போடு" என்பான், அவ்வளவுதான்.

போன வருஷம் பரசு வந்தான். "மச்சான், ரெண்டு மாசமா இருமல் நிக்கல. பாஸ் போச்சுன்னா வூடு அவ்ளோதான். நீ ஏறிடுடா."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடா."

"பாஸ் வரட்டும், போறேன்."

பாஸ் வந்தது. அவன் போகவில்லை, ஓ.டி. பார்த்தான். நானும் பிரியாணியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தேன்.

பதினோரு மாதம் கழித்துச் சளியில் ரத்தம். சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஊசியால் எடுத்த சதை நசுங்கிப்போனதால், புற்றுநோய்தான் என்றாலும் எந்த வகை என்று லேபில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பரசு, அவன் மனைவி செங்கமலம், நான் மூவரும் டாக்டர் மெர்சி முன் உட்கார்ந்திருந்தோம்.

"சின்ன செல் வகைன்னா வேகமா வளரும். பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வேற வகையா இருந்து, பரவாமலும் இருந்தா வெட்டி எடுத்துடலாம். பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு."

செங்கமலம் பத்திரமாக வைத்திருந்த கம்பெனி ஃபைலை நீட்டினாள். "போன வருஷம் எடுத்த படம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுருங்கியது. "ஒரு வருஷத்துக்குள்ள இவ்வளவு பெரிசா? அப்போ சின்ன செல்தான். லேபும் அதைத்தான் சந்தேகப்படுது. மறுபடி சதை எடுக்கலாம்னு நெனச்சேன், தேவையில்ல. கீமோ ஆரம்பிச்சிடலாம்."

நான் பரசுவைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னான். அடப்பாவி, உயிர் போகிற நேரத்திலும் கேட் பாஸா! எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது.

"அது அவன் நெஞ்சு இல்லம்மா. என்னுது."

"இன்னாண்ணா சொல்ற?" என்றாள் செங்கமலம்.

எல்லாவற்றையும் சொன்னேன், பிரியாணி உட்பட. டாக்டர் திட்டிய திட்டு வராந்தா வரைக்கும் கேட்டது. வாங்கிக்கொண்டேன்.

மறுபடி சதை எடுத்தார்கள். சின்ன செல் இல்லை, செதிள் செல் வகை. வேறு எங்கும் பரவவில்லை. ஆபரேஷன் செய்யலாம்.

"போன வருஷமே அவர் படத்தை எடுத்திருந்தா ஒரு பகுதியை மட்டும் எடுத்திருப்போம்" என்றார் டாக்டர். இப்போது இடது நுரையீரல் முழுக்க எடுத்துவிட்டார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் நடேசன் எங்கள் இருவர் பாஸையும் பிடுங்கினான். அவன் பாஸ் அவனிடமே இருக்கிறது. வேன் இந்த வருஷமும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பரசு வீட்டுக்குப் போனேன். கொல்லைக்குப் போய்வரவே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். செங்கமலம் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னிடம் பேசினாள்.

"ஏண்ணா, அந்த பிரியாணி நல்லா இருந்துச்சா?"