மான்டி கார்லோவுக்கு ஒரு தடவைதான் கேட்பார்கள்

இங்கே எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள். பின்லாந்துக்கு வந்த புதிதில் இது தெரியாமல் நான் அரைப்பட்டினி கிடந்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு ஆபீஸில் எல்லாரும் காப்பி அறையில் கூடுவார்கள். ஏலக்காய் தட்டிப்போட்ட 'புல்லா' என்கிற இனிப்பு பன் ஒரு பெரிய தட்டில் வரும். வாசனை ஆளைத் தூக்கும். பக்கத்தில் இருப்பவர் தட்டை நீட்டி, "வேணுமா?" என்பார். நான் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவள். நீட்டின உடனே கையை விட்டால் என்ன நினைப்பார்கள்? "இல்லை, பரவாயில்லை" என்பேன். தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அது திரும்பி வரும் என்று நானும் ஒரு மாதம் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை.

நம் ஊர்ப் பக்கம் 'வேண்டாம்' என்பது பேச்சின் ஆரம்பம். என் அண்ணன் ஜெபராஜின் மனைவி, என் மதினி, கரண்டியோடு வந்து நிற்பாள். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவளுக்கு நிஜமாகவே மனசு இருக்கிறதா என்று பார்க்க. மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் விழுந்திருக்கும். இப்படி முப்பது வருஷம் சாப்பிட்டுப் பழகின வாயை ஒரு விமானப் பயணத்தில் மாற்ற முடியுமா? முடியாது என்பதற்கு நானே சாட்சி. அந்த வாயால் மான்டி கார்லோ பந்தயத்தையே நழுவவிடப் பார்த்தேன்.

நான் வேலை பார்ப்பது யூவஸ்கூலா நகரத்தில் ஒரு ராலி டீமில். ராலி என்றால் வட்டப் பாதையில் சுற்றிச்சுற்றி ஓடுகிற கார் பந்தயம் இல்லை. காட்டுப் பாதை, மலைப் பாதை, மண், பனி, எல்லாவற்றிலும் ஒவ்வொரு காராகப் புறப்பட்டு கடிகாரத்தோடு மோதுகிற பந்தயம். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று வாசித்துக்கொண்டே வருவார். இவர்கள் தவிர, கார் வருவதற்கு முன்பே பாதையோரம் போய் நின்று, வானத்தைப் பார்த்து, ரோட்டைத் தொட்டு, "இங்கே ஈரம், அங்கே காய்கிறது, இன்னும் பத்து நிமிஷத்தில் மழை" என்று டீமுக்குச் சொல்ல ஒரு வானிலைக் குழு உண்டு. அதைக் கேட்டுத்தான் எந்த டயர் மாட்டுவது என்று முடிவு செய்வார்கள். போன கோடையில் உள்ளூர் ராலிக்கு ஆள் குறைந்ததால், ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் டயர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு காட்டு முனையில் நிறுத்தினார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று சட்டென்று திசை மாறியது. எனக்கு அது தெரிந்த காற்று, எங்கள் ஊரில் சாரலுக்கு முன்னால் வீசுவது. வெயில் இருக்கும்போதே சாரல் வரும், ரோடு நனைந்த மாதிரியே தெரியாது, ஆனால் வழுக்கும் என்று போனில் சொன்னேன். வந்தது, வழுக்கியது, எங்கள் கார் மட்டும் ஒழுங்காகப் போனது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது சீசன் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம். ராலிக்காரர்களுக்கு உண்மையான திருவிழா இதுதான் என்பேன். அதிலும் அடுத்த சீசனில் விதிகளே மாறுகின்றன, கார்கள் புதிது. யார் எந்த டீமுக்குப் போகிறார், யாருக்கு இடம் இல்லை என்று தினம் ஒரு வதந்தி. எத்தனையோ தடவை ஜெயித்த மூத்த ஓட்டுநர் முழு சீசன் ஓட்டுவாரா, பாதியோடு நிறுத்திக்கொள்வாரா? பனியில் பறக்கிற அந்த இளைஞனை யார் தட்டிக்கொண்டு போவது? தனியார் சிலர் சேர்ந்து ஒரு புது டீமே கொண்டுவருகிறார்களாமே, நிஜமா? பின்லாந்துக்காரர்கள் இதையெல்லாம் காப்பியைப் பார்த்துக்கொண்டே, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் வீதம் பேசுவார்கள். "புது டீம் வரலாம்" என்பார் ஒருவர். மறுநாள் இன்னொருவர், "வராமலும் போகலாம்" என்பார். எனக்கு மண்டை வெடிக்கும்.

அந்தக் குறையைத் தீர்ப்பவன் அண்ணன். அவன் அம்பையிலிருந்து மலைக்குப் போகிற பேருந்தின் ஓட்டுநர். முதன்முதலில் நான் அனுப்பிய ராலி வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது, "கண்டக்டர் நல்லா சொல்லுதாரு." பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வாசிப்பவர் அவனுக்குக் கண்டக்டர்தான். மலையில் மூடுபனி இறங்கினால் அவனுடைய கண்டக்டரும் படியில் தொங்கிக்கொண்டு, "வா, வா, பைய, வலது ஒடி" என்று கத்திக்கொண்டே வருவார். அன்றிலிருந்து அண்ணனுக்கு ராலிப் பைத்தியம் பிடித்துவிட்டது. பேருந்து நிலையத்து டீக்கடை முழுக்க அதைப் பரப்பியும் விட்டான். தேர்தலில் எந்தத் தொகுதி யாருக்கு என்று பேசுகிற அதே வேகத்தில் அங்கே இப்போது ராலி டீமில் யாருக்குச் சீட்டு என்ற பேச்சு ஓடுகிறது. பெயர்கள் வாயில் நுழையாததால் மூத்த ஓட்டுநர் 'பெரியவரு', இளைஞன் 'சின்னவன்'.

"ஏட்டி, பெரியவரு முழுசா ஓட்டுவாரா, பாதிதானா? ஒரு முடிவு சொல்லு. இங்கன பதில் சொல்லி மாளல."

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"அங்கனதான இருக்க? போயி ஒரு வார்த்தை கேட்டா என்ன? அந்தப் புது டீமு வருதா இல்லையா, அதையாவது சொல்லு. டீக்கடை அண்ணாச்சி வராதுங்காவ. நான் வரும்னு சொல்லியிருக்கேன்."

இந்தச் சூட்டில்தான் ஒரு நாள் எங்கள் குழுத் தலைவர் ஆர்த்தோ ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசுவதே அபூர்வம். "எஸ்தர், அடுத்த சீசன் வானிலைக் குழுவில் உன்னைப் போடலாம் என்று நினைக்கிறேன். மான்டி கார்லோவில் ஆரம்பம். வருகிறாயா?"

மான்டி கார்லோ! ஜனவரிக் குளிரில் நடக்கிற மலை ராலி. மலையின் ஒரு பக்கம் காய்ந்த தார், வளைவைத் தாண்டினால் பனிக்கட்டி. வானிலைக் குழுவின் சொல்லுக்கு அங்கே இருக்கிற மதிப்பு வேறெங்கும் கிடையாது. எனக்கு அப்போதே பெட்டி கட்டிவிட ஆசை. ஆனால் வாய் இருக்கிறதே, அது அம்பையில் பழகினது. "என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்களே, அவர்களை அனுப்புங்கள். எனக்கு இது பெரிய விஷயம்" என்று பணிவாகச் சொன்னேன். ஆர்த்தோ, "சரி. நேராகச் சொன்னதற்கு நன்றி" என்று போய்விட்டார். நான் சிரித்துக்கொண்டே, யாரோ விட்டுப்போன ஸ்பானர் ஒன்றை எடுத்துத் துடைத்தேன். கேட்டுவிட்டார் அல்லவா? இனி இரண்டு தடவை கேட்டால் முடிந்தது.

அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். பதிலைச் சொன்னதும் அவனுக்கும் பெருமை தாங்கவில்லை. "நல்லவேளை, சட்டுனு சரின்னு சொல்லல. அலையுதா பாருன்னு நெனைச்சிருவாவ. நாளைக்கு மறுபடியும் கேப்பாவ, அப்பமும் கொஞ்சம் யோசி" என்றான். ஆர்த்தோ கேட்க வசதியாக இருக்கட்டும் என்று மறுநாள் அவர் மேஜைப் பக்கம் நாலு தடவை நடந்தேன். அதற்கடுத்த நாளும் நடந்தேன். ஒரு முறை அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வானிலைக் குழுவில் என் பெயர் இல்லை. அந்த இடத்தில் யாரி என்கிற பையன் பெயர் இருந்தது. காப்பி அறையில் போய் உட்கார்ந்தேன். புல்லாத் தட்டு வந்தது. "வேணுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை ஒன்றை எடுத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. பன்னுக்குக் கற்றுக்கொண்டதை மான்டி கார்லோவுக்கு மறந்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அண்ணன் மேலும் கொஞ்சம் வந்தது.

போய்க் கேட்பதா? ஒரு இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று நானே வாய்திறந்து கேட்பதா? என் பெற்றோர் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்களாக இருந்தவர்கள். கேட்டு வாங்குவது வெட்கம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த வெட்கத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு ஆர்த்தோவின் அறைக்குள் போனேன்.

"அன்றைக்கு நான் வேண்டாம் என்றது, வேண்டும் என்பதற்காக."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் ஊரில் இல்லை என்றால், ஆமாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?"

"முதல் தடவை மட்டும்."

"எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"மூன்று."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொள்வது போலத் தலையசைத்தார். "பட்டியல் போய்விட்டது. யாராவது விலகினால் அடுத்த ஆள் நீ. அப்போது கேட்பேன். ஒரு தடவை கேட்பேன்."

அண்ணனிடம் போனில் சொன்னபோது, "நாந்தான் கெடுத்துட்டேன்" என்றான். அதைவிட மோசம், "டீக்கடையில உனக்குச் சீட்டு உறுதின்னு சொல்லிட்டேனே" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தேன். தாமிரபரணி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேருந்தை விட்டு இறங்கினதும் டீக்கடை அண்ணாச்சி, "வா தாயி, எப்பம் மான்டி கார்லோ?" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன், அவன் வானத்தைப் பார்த்தான். மறுநாள் அவன் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து மலைக்குப் போனேன். நல்ல மூடுபனி. "சொல்லு பாப்போம், அடுத்த வளைவுல தண்ணி கெடக்குமா?" என்றான் அண்ணன். "கெடக்கும், இடது ஓரத்துல" என்றேன். கிடந்தது. கண்டக்டர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அண்ணன் மட்டும் திரும்பாமல் ஓட்டினான். இவளுக்கு இந்த வேலை தெரியும், என்னால் போச்சு என்று அவன் நினைப்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை. ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். நாலாவது ஆப்பத்தில் இருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் துடித்தது. ஆர்த்தோ. மூன்றே வரி. 'புது டீம் உறுதியாகிவிட்டது. யாரி அங்கே போகிறான். மான்டி கார்லோ, வருகிறாயா?'

"அண்ணே, புது டீமு வருது" என்றேன்.

"நான் சொன்னம்லா! அண்ணாச்சிட்ட இப்பமே போயி..." என்று எழுந்தவன், என் முகத்தைப் பார்த்து நின்றான். போனை எட்டிப் பார்த்தான். படித்தான். "ஏட்டி, சரின்னு சொல்லு. யோசிக்காத. உடனே சொல்லு" என்றான்.

அந்த நேரம் பார்த்து மதினி அடுக்களையிலிருந்து சட்டியோடு வந்துவிட்டாள். "இன்னொரு ஆப்பம் வைக்கட்டா?"

"வேண்டாம் மதினி, வேண்டாம், வயிறு நெறஞ்சிட்டு" என்று வாய் சொன்னது. அதே மூச்சில் என் இடது கைக் கட்டைவிரல், 'ஆம், வருகிறேன்' என்று அடித்து அனுப்பியது. செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழவும், ஐந்தாவது ஆப்பம் தட்டில் விழவும் சரியாக இருந்தது.

"நல்ல காரியத்துக்கு இடது கையாலயா பதில் சொல்லுவாவ?" என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

என்ன செய்ய? வலது கை குழம்பில் இருந்தது.