மந்திரித்த தண்ணீரைத் துடைத்த கார்

என்னுடைய பழைய காரில் நான் தொடாமல் எதுவும் அசையாது. ஜன்னல் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். காலையில் எஞ்சின் எழும்புவதற்கு சோக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். வைப்பரில் ஒன்று பாதி வழியில் நின்றுவிடும். நல்ல மழையில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் வரை ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் காரை விற்ற பிறகு, எங்கள் கடற்கரையில் மீன் வியாபாரம் செய்து ஓய்ந்திருந்த ஓர் அக்காவிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அவர் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். முட்டுவலியோடு அம்மா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று புதுக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்.

வண்டி வந்த நாள் முதல் எனக்கு அதன் பக்கத்திலிருந்து நகர மனம் வரவில்லை. பூட்டினால் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஆட்டின் காதுபோல மடங்கும். பின்னால் எடுத்தால் முன்னால் இருக்கும் திரையில் மதில் தெரியும், மதிலோரம் மேயும் கோழி தெரியும். கூடவே வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதிலுள்ள படங்கள்தான் துணை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரின் ஆசீர்வாதத்தோடு வண்டியை மந்திரிப்பதற்காக மாதா கோயில் முற்றத்தில் நிறுத்தினோம். அக்கா நேராக ஏறி உட்காருவதற்காக ஏசியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, நான் உள்ளே இருந்தேன். ஃபாதர் ஜெபம் சொல்லி முன்கண்ணாடியில் தீர்த்தம் தெளித்தார். துளிகள் விழுந்ததும் வைப்பர் எழுந்து ஒரே வீச்சில் எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளியது. ஃபாதர் திகைத்து மறுபடி தெளித்தார். மறுபடியும் வீச்சு.

"ஏட்டி, பாத்தியா? தீர்த்தத்தத் தட்டி விடுது!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"வண்டியில சாத்தான் கேறியிருக்குமோ?"

"சும்மா கெட. சாத்தானுக்கு ஏசி ஆவுமா? அவன் சூட்டுல கெடந்தவன்."

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலோரம் வந்தார். "ஏலே மக்கா, நேர சொல்லு. நீ தொட்டியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டேன் என்று சொன்னால், மந்திரித்த தண்ணீரைத் துடைத்துப் போட்டவன் ஆவேன். தொடவில்லை என்றால், பழி வண்டியின் தலையில் விழும்.

"இல்லக்கா. அதுவா அடிச்சுது."

"அது ஆட்டோமேட்டிக்கா இருக்கும்மா," என்றார் ஃபாதர்.

"ஆட்டோமேட்டிக்குன்னா தீர்த்தத்துக்கு மட்டும் ஏன் ஆடுது ஃபாதர்? இத்தன நாளு சும்மாதானே நின்னுது?" அக்கா கதவில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். "நான் இதுல கேற மாட்டேன். எனக்க மவன்ட்ட சொல்லி விக்கச் சொல்லுதேன். நீயும் வேற எடம் பாத்துக்க மக்கா."

அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். நான் வெறும் வண்டியை அவர் பின்னாலேயே ஓட்டிப் போய் வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன். வேலை போய்விடுமே என்ற கவலை இருந்தது. ஆனாலும் அக்கா கேட்ட கேள்வியை என்னால் விட முடியவில்லை. வண்டி வந்த பிறகு மழை பெய்யவே இல்லை. கழுவும்போது எஞ்சின் ஓடியதும் இல்லை. வேறு தண்ணீர் பட்டால் என்ன செய்யும்?

எஞ்சினை ஓடவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு கப்பில் எடுத்துவந்தேன். பானட்டில் தெளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. முன்கண்ணாடியின் கீழ் மூலையில் தெளித்தேன், அப்போதும் இல்லை. நடுவில் மேலாகத் தெளித்ததும் வைப்பர் எழுந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி முன்கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அதற்கு நேரே இளநீர் ஊற்றிப் பார்த்தேன். அதற்கும் அடித்தது.

"என்னலே செய்யுத?" அடுக்களை வாசலில் அக்கா நின்றார்.

"கெணத்துத் தண்ணி தெளிச்சேன்க்கா. அதுக்கும் அடிக்கி. எளநிக்கும் அடிக்கி."

அவர் நம்பவில்லை. உள்ளே போய், மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்தார். "இதுக்கு?" என்று கையால் அள்ளி வீசினார். வைப்பர் அதையும் அதே மரியாதையோடு துடைத்தது, ஒரு செதிலை மட்டும் விட்டுவிட்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், இதுக்கு ஒண்ணும் தெரியாது! நமக்குக் கண்ணுல தண்ணி பட்டா இமைக்கோம்லா, அது மாதிரி." பிறகு கொஞ்சம் யோசித்தார். "இத அடக்கி வைக்க முடியுமா?"

ஸ்டியரிங்கின் பக்கத்திலுள்ள தண்டில் வைப்பர் படம் போட்ட திருகு ஒன்று இருந்தது. அதை ஒரு படி திருப்பினேன். அக்கா இன்னொரு கை மீன் தண்ணீர் வீசினார். அசையவில்லை.

"வண்டியக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு. இந்த நாத்தத்தோட ஃபாதருக்க முன்னால நிக்க முடியாது."

மாலையில் மறுபடி கோயிலுக்குப் போனோம். இந்த முறை அக்கா முன் சீட்டில், என் பக்கத்தில் இருந்தார். ஃபாதர் தெளித்து முடிக்கும்வரை அக்காவின் பார்வை முழுவதும் என் கையில்தான் இருந்தது. துளிகள் கண்ணாடியில் அப்படியே நின்றன.

"துடைக்காத. தானே காயட்டும். வண்டிய எடு."

"எங்கக்கா?"

"கொட்டாரம் வரைக்கும் போவோம். மெதுவாப் போ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கிக் காலையிலயே வந்துரு, கேட்டியா?"

துளிகளுக்கு இடையில் ரோட்டைப் பார்த்தபடி நான் மெதுவாக ஓட்டினேன்.