பஸ் விளக்கின் சிவப்பு

தமிழ் பேசும் ஊர்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் முற்றியிருந்த நாட்கள். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். என் கணவர் பாறசாலையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். வீட்டு முன்னறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்துபோய் அட்டை வைத்து மறைத்திருந்தோம். அந்த இடத்துக்கு வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஒரு மீன்கொத்தி செய்து வைக்க நினைத்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு தேவாலயத்து ஜன்னலைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை.

நீலத்துக்கு மருந்துக் குப்பி, பச்சைக்குச் சோடாக் குப்பி. சாக்கில் சுற்றி உடைத்து, வேண்டிய துண்டுகளைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிப்பேன். வெறும் கண்ணாடியின்மேல் அவற்றை அடுக்கி, இடைவெளியில் சுண்ணாம்புத்தூளும் எண்ணெயும் பிசைந்து அப்புவேன். பறவையின் அலகுக்குச் சிவப்பு மட்டும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் தெருமுக்கில் ஒரு பஸ்ஸின்மேல் கல்லெறிந்தார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி ரோட்டில் சிதறிக் கிடந்தது. இரண்டு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அலகில் பதித்தேன். தப்பு என்றே தோன்றவில்லை.

கல்லெறி நடந்த அன்று ஊர்வலத்துக்குப் போன என் கொழுந்தன் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் பத்து மணி வாக்கில் அவனைத் தேடிப் போலீஸ் வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், வயதான ஒரு போலீஸ்காரர். வீட்டில் நான் மட்டும்தான்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்கைப் போலீஸ்காரர் இழுத்துக் கவிழ்த்தார். உடைந்த கண்ணாடி தரையெல்லாம் பரவியது.

"இது எந்தினா? எறியானோ?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எறியதுக்கு இல்ல சாறே. படம் செய்யதுக்காக்கும்."

அவர் நம்பவில்லை. ஜன்னலோரம் சாய்த்திருந்த மீன்கொத்தியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் அலகின்மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சுவப்பு எவிடந்நு?"

ரோட்டில் எடுத்தேன் என்றால் கொழுந்தன் கல்லெறிந்தான் என்றே எழுதிவிடுவார்கள்.

"ராந்தல் சிம்மினி சாறே. உடஞ்சு போச்சு."

அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் உட்கார்ந்து அந்தத் துண்டை நகத்தால் வருடினார். அதில் வரிவரியாகப் பள்ளம் இருந்தது. எந்தச் சிம்மினியிலும் அப்படி இருக்காது. அவர் தலைநிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சிம்மினி தன்னெ, சாறே" என்றார்.

சிதறியதை வாரிப்போட்டுச் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் ஏன் சிம்மினிதான் என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் வாசல் படலைத் தாண்டியதும் அலகை நெம்பியெடுத்து வாழையடி மூட்டில் ஆழமாகப் புதைத்தேன். மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அவன் எறிஞ்சானா இல்லியாண்ணு நமக்குத் தெரியாது. நீ அதுக்குள்ள பொய்யும் சொல்லிப்போட்ட."

"வேற என்ன சொல்லதுக்கு?"

அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்துக் கொழுந்தன் பின்வாசல் வழியாக வந்தான். மெலிந்திருந்தான். கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"மைனி, அந்தக் கூட்டத்துல நானும் உண்டு. கல்லு கையில எடுத்தேன். பஸ்ஸுக்குள்ள ஒருத்தி கைப்பிள்ளையோட இருந்தா. கீழ போட்டுட்டேன்."

நான் அதை நம்பினேன். என் கணவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாளே அவனை மார்த்தாண்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவிட்டார். எல்லை பிரித்தபோது எங்கள் வீடு கேரளத்தில் நின்றது; மார்த்தாண்டம் தமிழ்ப் பக்கம் போய்விட்டது. கொழுந்தன் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டான். அண்ணனும் தம்பியும் அந்த பஸ்ஸைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.