மணையேறிய வண்டி

வானகரத்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் என் பைக்குக்கு ஓர் இடம் உண்டு. பக்கத்து இடத்தில் சங்கச் செயலாளரின் கார். பைக்கைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால், கார்க் கதவு திறக்கவேண்டிய இடத்தில் அது சாய்ந்து படுத்துக்கொள்ளும். செயலாளர் உடம்பு கொஞ்சம் அகலம். ஒரு காலையில் அவர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, பெருமூச்சு விட்டபடி ஓட்டுநர் இருக்கைக்கு வந்து சேர்ந்தார். அன்று மாலையே வாட்ஸப் குழுவில் உத்தரவு வந்துவிட்டது. ஒன்றாம் தேதி முதல் பைக்குகள் டபுள் ஸ்டாண்டில்தான் நிற்கவேண்டும்; நிற்காதவை கேட்டுக்கு வெளியே.

கேட்டுக்கு வெளியே என்பது தண்ணீர் லாரி திரும்புகிற இடம். "வெளிய நிறுத்துறதா இருந்தா வித்துடுங்க" என்று மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. என் உடம்பைப் பற்றிச் சொல்வதானால், சட்டை ஹேங்கரில் தொங்கினாலும் என்மேல் தொங்கினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஓட்டும்போது வெயிட்டே தெரியாது சார்" என்றார் விற்றவர். உண்மைதான். நிற்கும்போதுதான் தெரிகிறது.

ஒரு வீடியோ பார்த்தேன். பலமே வேண்டாம், ஸ்டாண்டின் மிதியில் முழு எடையையும் போட்டால் வண்டி தானே ஏறும் என்றது. போட்டேன். வண்டி அதைக் கவனிக்கவில்லை. வாட்ச்மேன் நாற்காலியில் இருந்தபடி கேட்டார்:

"இன்னா சார், அதுமேல ஏறி நின்னுகினு கீற? பஸ்ஸு புட்போர்டா அது?"

"முழு எடையையும் போடணுமாம்ண்ணே."

"இருந்தாதான சார் போடுவ!"

பிறகு அவரே வந்து பின்னால் பிடித்து இழுத்தார், ஏறிவிட்டது. ஆனால் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரத்தில் அவர் டூட்டி முடிந்து போயிருப்பார்.

யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. பின்சக்கரத்தை ஒரு பலகைமேல் ஏற்றிவிட்டால், இன்ஜினே பாதி உயரத்தைத் தூக்கிவிடும். மீதிக்கு நான் போதும். பலகை தேடிப் பரணில் ஏறினேன். பழைய வேட்டியில் சுற்றி, அளவெடுத்துச் செய்தது போல ஒன்று கிடைத்தது. கெட்டி மரம், அடியில் இரண்டு கட்டை, மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோலம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

அன்று மாலை முதல் கியரில் மெல்ல உருட்டினேன். சக்கரம் பலகைமேல் ஏறியது. மிதித்தேன். 'டொக்' என்று நின்றது. செயலாளர் வந்து கார்க் கதவை முழுதாகத் திறந்தார், மூடினார், நம்பிக்கை வராமல் மறுபடி திறந்தார். ஒன்றாம் தேதி வந்து, போயும்விட்டது. வண்டி உள்ளேயே நின்றது.

நெமிலிச்சேரியில் மனைவியின் தங்கைக்கு நலங்கு வைக்க நாள் குறித்தார்கள். ஒரு காலையில் மனைவி கேட்டாள்:

"ஏங்க, பரண்ல இருந்த மணையப் பாத்தீங்களா?"

"எந்த மணை?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அதை நான் பார்த்தது மட்டுமில்லை. உட்கார்ந்தும் இருக்கிறேன்.

நான் சொன்னதும் கீழே வந்தவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"கல்யாணத்துக்கு நாம ஒக்காந்த மணைங்க இது. இதுமேல ஏத்தி வெச்சிருக்கீங்க. தாலி ஒண்ணுதான் கட்டல."

"பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா" என்றார் வாட்ச்மேன். "கொஞ்சம் வெயிட்டு, அவ்ளோதான்."

"எறக்குங்க" என்றாள் அவள், என்னைப் பார்த்து.

இறக்கினேன். கோலத்தின் நடுவே டயரின் வரிகள் பதிந்திருந்தன. அவள் மணையை இடுப்பில் அணைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். வண்டி பழையபடி சாய்ந்து கிடந்தது. செயலாளர் வெளியே கிளம்பும் நேரம். விற்பனை விளம்பரத்தை மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன்: 'நன்றாக ஓடும். நிறுத்தத் தெரிந்தவர்கள் மட்டும் அணுகவும்.'

லிஃப்ட் மறுபடி திறந்தது. அவள் கையில் செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டு.

"இதுல ஏத்துங்க. இதுல ஒக்காந்து யாரும் யாருக்கும் தாலி கட்டல."

தட்டு மெல்லிசு. மணை தந்த உயரத்தில் பாதிகூட இல்லை. மிச்சம் என் பொறுப்பு. இரண்டு முறை ஏறி நின்றேன், வண்டி அசையவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்ம ஊட்டு சோறு எங்கதான் போவுதோ" என்றாள் வாட்ச்மேனிடம்.

அந்தக் கோபத்தில் மிதித்ததில் ஏறிவிட்டது. கோபம் என் எடைக்கணக்கில் சேராமல் விட்டுப்போன ஒன்று போலிருக்கிறது.

நலங்கன்று மணையைக் கழுவி, மேலே புதுக்கோலம் போட்டிருந்தாள். ஆனாலும் கோலத்துக்கு அடியில் டயர் வரிகள் தெரிந்தன. மணையில் உட்காரப்போன தங்கையை நிறுத்திவிட்டு, மனைவியின் பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"இன்னாடி இது கோலம்? தேர்க்கோலமா?"

"ஆமா பெரிம்மா, தேருதான்" என்றாள் என் மனைவி. "இழுக்கத்தான் ஆளு பத்தல."