வாடகை வராத வீடு

2025 ஜூன் 30. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு முத்திரைத்தாளில் எழுதிய தேதி. அன்றைக்குள் சாதிகா ஐந்து லட்ச ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும். கையில் இருந்தது கொஞ்சம் சில்லறைச் சேமிப்பும் ஒரு தையல் மிஷினும்.

வெளியிலிருந்து பார்த்தால் அவள் வசதியானவள். வண்டியூர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம், கே.கே. நகர் விலை கட்டுப்படியாகாதவர்கள் மனை வாங்கிய தெருவில், கீழே ஒன்று, மாடியில் இரண்டு என்று மூன்று வீடு. காய்கறி வண்டிக்காரர் முதல் கரண்டு ரீடிங் எடுப்பவர் வரை எல்லாருக்கும் அவள் ஓனரம்மா. அந்த ஓனரம்மா, வீடு கட்டி முடித்த நாளிலிருந்து ஒரு மாசம்கூட வாடகை வாங்கியதில்லை.

அது அவள் கணவர் பரீத் போட்ட கணக்கு. விளக்குத்தூண் பக்கம் சின்னதாக லுங்கிக் கடை வைத்திருந்தவர். பூர்வீகப் பங்கை விற்று மனை வாங்கினார். சாதிகாவின் நகை அஸ்திவாரமும் கீழ் வீடும் ஆனது. மாடி எழுப்பப் பணம் இல்லை. பேங்கில் வீட்டுக்கடன் தருகிறோம் என்றார்கள். “வட்டியில கட்டுன வீட்டுல தொழுதா மனசு ஒட்டுமா?” என்று எழுந்து வந்துவிட்டார்.

மதுரையில் அதற்கு வேறு வழி உண்டு. ஒத்தி. குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பார், மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பார், போகும்போது கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போவார். பரீத் மாடியில் முதல் வீட்டைச் சுவர் பூசும் முன்பே மருதுவுக்கு ஒத்திக்கு விட்டார். மருதுவின் ஐந்து லட்சம் தளமானது. பக்கத்து வீட்டை நர்ஸ் சீனியம்மாளுக்கு விட்டார். அது டைல்ஸும் கதவும் ஆனது. வந்த பணமெல்லாம் சுவருக்குள் போய்விட்டது.

“வாடகைக்கு விடத்தான மாடி கட்டுறோம்?” என்று சாதிகா ஒருமுறை கேட்டாள்.

“மூணு வருஷம் பொறு. கடையில சேத்துத் திருப்பிக் குடுத்துருவேன். அப்புறம் பாரு, மாசம் பொறந்தா வாடகை.”

மூன்று வருஷம் முடிவதற்குள், ஜனவரியில், அவர் மவுத்தாகிவிட்டார். கடையில் கிடந்த சரக்கு, சரக்குக் கொடுத்தவர்களுக்கே சரியாகப் போயிற்று.

கணவர் இறந்ததற்கான இத்தாவில் சாதிகா உட்கார்ந்தாள். நாலு மாசமும் சொச்ச நாளும் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. வாசல் அறையில் ஒரு பழைய பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினார்கள். வீடு விஷயமாக அவளுக்கு நடந்த முதல் பேச்சு அந்தத் திரை வழியாகத்தான். மார்ச் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

“பாயம்மா, மருது பேசுறேன்.”

“சொல்லுங்கண்ணே.”

“ஒத்தி ஜூனோட முடியுது. மூணு மாசம் முன்னாடிச் சொல்லணும்ல, அதான்.”

“இந்த நேரத்துல போயிப் பேசாதீகன்னு சொன்னேன் பாயம்மா. இவுக கேட்டாத்தான?” இது அவன் மனைவி ஒச்சாயி.

“நீயும்தான கூட வந்து நிக்கிற?”

“நான் மீன்குழம்பு குடுக்க வந்தேன்.”

மருதுவுக்கு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வேலை. அவன் அப்பா கடைசி வரை அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். கீழக்குயில்குடியில் மருது வாங்கிய ரெண்டு சென்ட்தான் அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயரில் பதிந்த முதல் மண். அதில் வீடு தளம் வரை வந்து நிற்கிறது. மீதிக்கு இந்த ஒத்திப் பணம்தான்.

“தந்துருவேண்ணே,” என்றாள் சாதிகா. எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. குழம்புச் சட்டி திரைக்கு அடியில் தள்ளப்பட்டு வந்தது. எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள். அவ்வளவுதான்.

இத்தா முடிந்ததும் அண்ணன் உபைதுல்லா வித்துரு என்றார். வித்தால், ஒத்திக்காரர்களுக்குக் கொடுத்தது போகக் கொஞ்சம் மிஞ்சும், அதைச் சாப்பிட்டுத் தீர்க்கலாம். சாதிகா மறுநாள் வீட்டு புரோக்கர் பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

ஒத்தியில் ஊர் வழக்கம் இதுதான்: புதுசாக வருபவர் கொடுப்பதை வாங்கிப் பழையவரிடம் கொடுப்பது. பேச்சிமுத்து ஆள் கூட்டி வந்தார். ஒருவருக்கு போர் தண்ணி உப்பு. ஒருவருக்குக் கார் நிறுத்த இடமில்லை. இன்னொருவருக்கு மாத வாடகைதான் தோது. ஏழாயிரத்து ஐநூறு தருகிறேன் என்றார். வாடகைக்கு விட்டால் அட்வான்ஸ் ஐம்பதாயிரம். மருதுவுக்குக் கொடுக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு.

“மாடி வீடுன்னா ஒத்திக்கு யோசிக்கிறாங்க பாயம்மா. எல்லா வீட்டுலயும் ஒரு மூட்டு வலி இருக்கு,” என்றார் பேச்சிமுத்து.

ஜூன் மத்தியில் வந்த அருண்பாண்டி தனியார் பள்ளி வாத்தியார். அவருடைய அம்மா நாலு படி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சாதிகா அந்த அம்மாவைக் கீழே தன் வீட்டுக்குள் கூட்டி வந்தாள். அருண்பாண்டி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“கேக்குறேன்னு தப்பா எடுத்துக்கிராதீங்க. இந்த வீடு கெடைக்குமா? கீழ்வீடுன்னா ஏழு லட்சம் இந்த மாசமே தர்றேன்.”

“எடுத்துக்கிருங்க,” என்றாள் சாதிகா.

பேச்சிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பங்கரையிலிருந்து மகள் ஆயிஷா சித்திகா எட்டிப் பார்த்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம்.

அவர்கள் போனதும் கேட்டாள்: “அப்ப நாம மாடிக்குப் போறமாம்மா?”

“மாடி வாடகைக்கு. ஏழாயிரத்து ஐநூறு தர்றேன்னாரே, அவருக்கு.”

“நாம?”

“செல்லூர்ல நைட்டி தைக்கிற பட்டறையில ஆள் கேக்குறாங்க. அங்கனயே ஒத்த ரூம் இருக்கு. நாலாயிரத்து ஐநூறு.”

“சொந்த வீட்ட வச்சுக்கிட்டு வாடகைக்கா?”

சாதிகா பால் பொங்கப் போனதைப் பார்த்து அடுப்பை அணைத்தாள்.

அந்த வாரம் பெண்களுக்கான பயானில், மார்க்கச் சொற்பொழிவில், ஒருவர், கடனாகக் கொடுத்த பணத்துக்குப் பதிலாக வாடகையில்லாமல் குடியிருப்பதும் வட்டியில்தான் சேரும் என்று பேசினார். பரீத் இருந்திருந்தால் மூன்று நாள் தூங்கியிருக்க மாட்டார். சாதிகா முழுக்கக் கேட்டாள், துவாவுக்குக் கையேந்தினாள், வீட்டுக்கு வந்து பாத்திரம் கட்ட ஆரம்பித்தாள். ஏழில் ஐந்து மருதுவுக்கு. மீதி இரண்டைத் தொடுவதாக இல்லை. சீனியம்மாளுக்கு இப்போதைக்கு அவசரமில்லை, ஆனால் என்றைக்காவது கிளம்புவார். இனி வாடகையில் மிஞ்சுவதும் அந்த இரண்டோடு சேரும்.

ஜூன் 30, திங்கட்கிழமை, மருதுவின் போனில் ஐந்து லட்சம் வந்த மெசேஜ் விழுந்தது. “வந்துருச்சு பாயம்மா,” என்று சாவியையும் முத்திரைத்தாளையும் கொடுத்தான். அவன் வீடும் இன்னும் பூசவில்லை. பூசாத சுவருக்குள்தான் குடிபோகிறார்கள், இங்கே வந்ததைப் போலவே.

ஒச்சாயி சாதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பால் காச்சுறப்ப வந்துரணும் பாயம்மா. நாங்க ஓனராகுறதுக்கு ஒங்கள வெளியேத்திட்டமே.”

“யாரும் வெளியேத்தல. தேதி வந்துச்சு.”

பேச்சிமுத்து குட்டியானை வண்டிக்குச் சொல்லியிருந்தார். “ஓனரு வாடகைக்குப் போறாக, குடியிருந்தவுக ஓனராப் போறாக. ஒரே வண்டி போதும். ரெண்டு பேரும் பாதிப் பாதி குடுங்க,” என்று சிரித்தார். ஒச்சாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாதிகா தன் பங்கு எவ்வளவு என்று கேட்டாள்.

நாளைக் காலை முதல் நடை கீழக்குயில்குடிக்கு. இரண்டாம் நடை செல்லூருக்கு. ஐந்தாம் தேதிக்குள் மாடி வீட்டின் முதல் வாடகை வரும்.