ஊதாப் பொட்டு வைத்த பந்து

சென்ற மே மாதம் மகள் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தேன். தங்கிய விடுதிக்கு எதிரே கோல்ஃப் மைதானம். காலையில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது மூடுபனி இறங்கியது. தொப்பி போட்ட நாலு இளைஞர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு, பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துவிட்டார்கள். பனி விலகட்டும் என்று காத்திருந்தார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஈரப் புல்லும் பனியும் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று மனசு எதிர்பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை. “தாத்தா, எதுக்கு இப்படி நிக்கீங்க” என்று பேரன் கேட்டதற்குக் குளிருக்கு என்று சொல்லி வைத்தேன்.

திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் தாயக்கட்டைதான். அதையும் அப்பா இல்லாத நேரம் பார்த்து ஆடுவோம். மருந்தாளுநர் படிப்பை முடித்ததும் முதல் வேலை மணிமுத்தாறுக்கு மேலே, மலை உச்சியில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றால் நாலு கட்டில், ஒரு மேசை, நான். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற ஆறு நாளும் அட்டைக்கடிக்கும், தேயிலைச் செடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தி வெட்டுக்கும் நான்தான் வைத்தியம். எல்லாவற்றுக்கும் ஜென்ஷன் வயலெட் என்ற ஊதா மருந்தைப் பூசுவேன். தோட்டத்தில் பாதிப் பேர் கைகால்களில் என் கையெழுத்து இருக்கும்.

தோட்டத்தின் மேல்பக்கம், தேயிலை வராத சதுப்புச் சரிவில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் போட்ட கோல்ஃப் மைதானம் இருந்தது. மைதானம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் ஐந்து குழி. குழியைச் சுற்றிப் புல்தரை கிடையாது, எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். நான் போன காலத்தில் மேனேஜர் குடகுக்காரர். மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் தோட்டத்தில் அவருக்குத் துரை என்றுதான் பெயர். அந்தத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட ஆட ஆள் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்கு முழங்கால் வலி, ஆபீஸ் தலைமை எழுத்தருக்கு ஜெபக்கூட்டம். மிஞ்சியது நான். முதல் நாள் நான் மட்டையை ஓங்கி இறக்கியதில் பந்து அப்படியே இருந்தது, வாழைக்கன்று வைக்கிற அளவுக்குப் பள்ளம் மட்டும் விழுந்தது. துரை சிரிக்கவில்லை. பைய அடி, பைய அடி என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்குக் கடிதத்தில் இதை எழுதினேன். இது நம் கிட்டிப்புள் மாதிரியா என்று பதில் கேட்டிருந்தார். கிட்டிப்புள்ளில் தேடிக்கொண்டு ஓடுவோம், இதில் தேடிக்கொண்டு நடப்போம் என்று எழுதிப் போட்டேன்.

அந்த மலையில் பனி விலகட்டும் என்று காத்திருந்தால் வருஷத்தில் பாதி நாள் ஆட முடியாது. பத்தடிக்கு அந்தப் பக்கம், குழியில் நட்ட கொடி தெரியாது. அதற்குத் தோட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கொடிப்பக்கத்தில் ஓர் ஆள் நின்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரும் திசையைப் பார்த்து அடிக்க வேண்டும். அந்தக் குரல் இசக்கிமுத்துவுடையது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி. மற்ற நாளெல்லாம் கவாத்து வெட்டுகிறவர், ஞாயிறு காலையில் தலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

“இங்கன... இங்கன... இங்கன...”

மூன்று தடவைதான். மூன்றாவது முடிந்ததும் குழிக்குப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். அப்புறம் ஒருவர் அடிக்கலாம். பந்து விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே வந்து அது எங்கே கிடக்கிறது என்று பார்ப்பார். பிறகு அடுத்தவருக்காக மறுபடியும் மூன்று குரல். ஐந்து குழிப் பக்கத்திலும் ஒதுங்க ஒரு பாறையோ மரமோ உண்டு. குரல் வராமல் யாரும் அடிக்கக் கூடாது. துரை எனக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால் சொல்லித்தந்தது இதைத்தான்.

இசக்கிமுத்துவின் குரலில் ஒரு விசேஷம் உண்டு. கத்த மாட்டார். கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரிதான் கூப்பிடுவார், ஆனால் பனிக்குள் தெளிவாக வந்து சேரும். அந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நான் நன்றாக அடித்தால் அடுத்த குழிக்கு நடக்கும்போது, “கம்பவுண்டர் சார் இன்னிக்கு என் குரலுக்கு மரியாத குடுத்துட்டாரு” என்பார். மோசமாக அடித்தால் அது தன் குரலின் கோளாறு என்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

பந்துகள் எல்லாம் பழசு. யாருடையது எது என்று தெரிய அடையாளம் போட்டுக்கொள்வோம். துரை சிவப்புப் பென்சிலால் ஒரு வளையம் போடுவார். நான் என்ன போடுவேன் என்று சொல்லவே வேண்டாம். கிளம்பும் முன் பஞ்சை மருந்தில் தொட்டு ஊதாப் பொட்டு வைப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி வழக்கத்தைவிட அடர்த்தி. நானும் துரையும் மட்டும்தான். கடைசிக் குழி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், துரையைவிட ஓர் அடி குறைவாக அடித்து. துரையின் பந்து கீழ்ச்சரிவில் கிடந்தது, என்னுடையது மேலே. ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மூன்று குரல் வந்தது. துரை அடித்தார். பந்து மணலில் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. குழிக்கு மிக நெருக்கத்தில் விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. கை விறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் நடுக்கம் வந்துவிடும், கேட்ட குரலின் திசை மறந்துவிடும் என்று தோன்றியது. குரல் வரும்வரை பொறுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

அதற்கப்புறம் குரல் வரவில்லை.

கீழேயிருந்து துரை கேட்டார். “தம்பி, நீ அடிச்சாச்சா?”

“இல்ல சார். இன்னும் அடிக்கல.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அந்த மலையில் ஒரு சத்தம் எதிரொலித்து இரண்டாகக் கேட்பது வழக்கம் என்பதால் அவர் நம்பிவிட்டார்.

நான்தான் முதலில் ஓடினேன். பாறையிலிருந்து நாலு எட்டு வெளியே, மணலில் இசக்கிமுத்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம். காலடியில் என் பந்து. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கையை விலக்கிப் பார்த்தபோது புருவத்தில் காயத்தோரம் ஊதாக் கறை ஒட்டியிருந்தது. பனியில் ஈரம் காயாத மருந்து. துரை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பத்தடி தள்ளி அவருடைய சிவப்பு வளையப் பந்து கிடந்தது. அதைப் பார்த்தார், இசக்கிமுத்துவைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காயத்தைக் கழுவிப் புருவம் முழுக்க ஊதா மருந்தைப் பூசினேன். இனி எந்தக் கறை எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. பூசும்போது எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. பதிவேட்டில் ஏதாவது மழுப்பி எழுதலாமா என்று கேட்டதற்குத் துரை ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜர் அடித்த பந்து பட்டுக் காயம் என்றே எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல அழகாகவே வந்தது.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. துரை அன்றோடு மட்டையைத் தொடவில்லை. ஐந்து கொடிகளையும் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டுவந்து பங்களாவில் வைத்துப் பூட்டினார். இசக்கிமுத்துவுக்குப் பங்களா வாசலில் காவல் வேலை கொடுத்தார். ஒரு நாள் நான் பங்களாவுக்கு மருந்து கொண்டுபோனபோது இசக்கிமுத்து துரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். “ஒத்தக் கண்ணு போதும் துரை. குரலுக்குக் கண்ணு எதுக்கு? ஒரு நாள் ஆடுங்க.” துரை முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மருந்தை வைத்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுபடி மட்டை எடுத்திருப்பார், இசக்கிமுத்து ஞாயிறுதோறும் தன் பாறைப்பக்கம் போய் நின்றிருப்பார். அந்த வருஷமே எனக்கு அரசாங்க வேலை வந்தது. பந்தையும் எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிட்டேன்.

கொடைக்கானலிலிருந்து வந்து பத்து நாள் தூக்கம் பிடிக்கவில்லை. தோட்டத்துக் குத்தகை முடிந்து ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்ததில் இசக்கிமுத்து மணிமுத்தாறு அணைப்பக்கம் மகன் வீட்டில் இருப்பது தெரிந்தது. உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவும், மனைவியின் தையல் பெட்டியில் கிடந்த பந்தும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆள் மெலிந்து போயிருந்தார். நல்ல கண்ணிலும் புரை. வாசலில் நின்று “அண்ணாச்சி” என்றேன். மலையில் இருந்தவரைக்கும் நான் அவரை அப்படி அழைத்ததில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்து, “கம்பவுண்டர் சார்லா” என்று எழுந்தார். மருமகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். மலையில் குளிர், கீழே வெக்கை, உடம்பு இன்னும் பழகவில்லை என்றார். நான் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

பந்தை உருட்டி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“தொரைகிட்ட சொன்னீரா?”

“இல்ல அண்ணாச்சி.”

“மலைய விட்டு அவரு போற அன்னிக்கி என் கால்ல விழ வந்தாரு, வே. நான்தான் புடிச்சு நிப்பாட்டுனேன். ஊருல போயும் மட்டையத் தொடலையாம். செத்தப்பொறவு அவரு மகன் எழுதியிருந்தான்.”

அதுவரை மரியாதையாகச் சார் என்றவர் வே என்று இறங்கியது எனக்குக் கேட்டது. பந்தை என் கையில் திருப்பி வைத்தார்.

“இத எங்கிட்ட எதுக்குக் குடுக்குதீரு? எனக்கு ஒரு கண்ணுதான போச்சு. அவருகிட்டல்லா சொல்லணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பனிக்குள் கூப்பிடுவாரே, அதே குரல்தான். காப்பி வந்தது. குடித்தோம். நான் கிளம்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

மலைமேல் இப்போது சோதனைச்சாவடிக்கு அப்பால் யாரையும் விடுவதில்லை. குழி இருந்த இடமெல்லாம் காடு ஏறிவிட்டது, சதுப்பில் மிளா மான் மேய்கிறது என்கிறார்கள். அடிச்சாச்சா என்று கேட்ட துரை இல்லை. இங்கன என்று கூப்பிட்டவர் இனி என்னைக் கூப்பிடப் போவதில்லை. பந்து மட்டும் மறுபடி தையல் பெட்டிக்குள் கிடக்கிறது. பொட்டு இன்னும் அழியவில்லை.