அக்கா பிடித்துத் தந்த சிறுகோள்

நேற்றுச் சாயங்காலம் மகள் கைப்பேசியை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே இருக்கும் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது அந்தப் பொல்லாத சாமான். எனக்கோ மலையிறங்கும் லொறி விளக்கையே விடிவெள்ளி என்று கும்பிட்ட கண். சும்மா எட்டிப் பார்த்தேன். சின்னப் புள்ளி ஒன்றுக்குப் பக்கத்தில் ‘வெஸ்டா’ என்றிருந்தது. உடனே எனக்கு மிலாறு எரிகிற புகை மணத்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. காய்ந்தால் எங்களுக்கு அதுதான் விறகு.

எழுபதுகளில் கொத்மலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். கல்யாணமான அக்காவும் நானும் ஒரே லயத்து வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். அக்காவின் மாமனார் இந்தியாவுக்கு. இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு போட்டதில் அக்கா இந்தியாவின் பங்கில் போனாள். அம்மா இல்லாத எனக்கு அவளும் போனால் யாருமே இல்லை என்று அழுதுகொண்டிருந்தேன். அப்பா இருந்தார், பாவம். அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

போவதற்கு முந்திய வாரம், பனிமூட்டம் இல்லாத மாசி மாதம். விளக்கு வைத்தபின் வாசலுக்கு இழுத்துப்போனாள். எங்கே இருந்தாலும் ரெண்டு பேரும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். பெரியது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அதையெல்லாம் ஊரே பாக்குது. நமக்குன்னு ஒண்ணு வேணும்ல.”

தேடித் தேடி, இரண்டு பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவில் மங்கலாக ஒன்றைப் பிடித்தாள். கரண்டு இல்லாத லயத்தில் அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது.

புறப்பட்ட காலையில் அவள் அடுப்பில் மிலாறு எரிந்துகொண்டிருந்தது. “என்னால அணைக்க முடியலடி. நீ அணைச்சிரு” என்றாள். நானும் அணைக்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் பெட்டி நெடுக அழுகை. ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் சனம் அதற்குச் சும்மா பெயர் வைக்கவில்லை.

கொஞ்ச நாளிலேயே எங்கள் நட்சத்திரம் இடம் மாறி ஓரத்துக்குப் போனது. பிறகு காணவே இல்லை. அக்கா செத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை, சோறு இறங்கவில்லை. அப்பா பயந்துபோய்த் தோட்டப் பள்ளிக்கூடத்து இளம் வாத்தியாரைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு போனவர், ஏதோ புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுநாள் வந்தார். அது நட்சத்திரமே இல்லையாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற சிறுகோள்களில் ஒன்றாம். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மன் வைத்தியராம். அது போகும் வழியைக் கணக்குப் போட்டவரிடமே பெயர் வைக்கிற உரிமையை அவர் விட்டுக்கொடுக்க, அந்த மனுஷன் வெஸ்டா என்று, வீட்டு அடுப்பைக் காக்கும் தெய்வத்தின் பெயரை வைத்தாராம். அடுப்பு என்றதும் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

திரும்ப வருமா என்று கேட்டேன்.

“வரும். ஒரு சுத்துக்கு மூண்டரை வருஷத்துக்கு மேல செல்லும். ஆனா அது அந்த இடத்துக்கு வரேக்க நாங்கள் சூரியனுக்கு மற்றப் பக்கம் நிண்டா காணேலாது.”

‘வரும்’ என்றதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. நீலகிரிப் பக்கமாம், அங்கேயும் கொழுந்துதான். நிலையாக ஓர் இடம் கிடைத்ததும் விலாசம் எழுதுவதாகச் சொல்லியிருந்தாள். கடைசியில், “நம்ம நட்சத்திரத்தக் காணோம்டி. நீ பாக்குறியா?” என்று கேட்டிருந்தாள். அது எங்கேயும் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் எழுத விலாசம் இல்லாமல் பைத்தியம் பிடித்தவள்போலத் திரிந்தேன்.

எண்பதுகளில் கொத்மலையில் அணை கட்டினார்கள். லயம், நாங்கள் நின்ற வாசல், அக்காவின் அடுப்பு எல்லாம் தண்ணீருக்குள் போயின. எங்களை வேறு வேறு தோட்டத்துக்கு லொறியில் ஏற்றினார்கள். தபால்காரரிடம் புது விலாசத்தைச் சொல்லித்தான் வைத்தேன், ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த விலாசம் தண்ணீருக்குள் போன அந்த லயம் ஒன்றுதான்.

“இது நகர்ந்துக்கிட்டே இருக்குமாம், அம்மா” என்றாள் மகள் நேற்று, கைப்பேசியில் படித்துவிட்டு. தெரியும் என்றேன்.

அன்றைக்கு நட்சத்திரத்தைக் காணோம் என்றதும் அக்கா செத்துவிட்டாள் என்று நான் அழுதேனே, அவளும் அங்கே என்னை அப்படித்தான் அழுது முடித்திருப்பாள். நான் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல இன்றுவரை எனக்கு ஒரு வழி கிடைக்கவில்லை.